போனைக் கண்டால் செந்தமிழ்

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பத்தாம் வகுப்பில் தமிழிலேயே கோட்டைவிட்டவன் நான். எழுதுவதற்கென்றே படிக்கிற என் நண்பன் இதையெல்லாம் எழுத மாட்டான் என்பதால் நான் எழுத வேண்டியிருக்கிறது.

அவன் பி.எச்டி. செய்கிறான். எல்லைப் பக்கத்து ஊர்களில் தமிழும் மலையாளமும் எப்படிக் கலந்து புழங்குகின்றன என்று ஆராய்ச்சி. அதற்கு ஜனங்கள் இயல்பாகப் பேசுவதைப் போனில் பதிய வேண்டும். இந்தச் சீசனுக்குள் நல்ல பதிவு வராவிட்டால் தலைப்பையே மாற்றிக்கொள் என்று கைடு சொல்லிவிட்டார். மாற்றினால் இத்தனை வருஷமும் வீண். எனக்கு பைக் ஓட்டுகிற வேலை.

அன்றும் தென்காசியில் கிளம்பி, குற்றாலத்தில் எண்ணெய்த் தலைகளுக்கு நடுவே ஊர்ந்து, சாரலில் ஊறிப்போய், கேரள எல்லையில் இருக்கிற புளியறை செக்போஸ்ட் பக்கத்துப் புரோட்டாக் கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். நண்பன் விஷயத்தைச் சொல்லி, மேஜையில் போனை வைத்தான். கடைக்கார அண்ணாச்சி உள்ளே போய்த் தலை சீவிக்கொண்டு வந்தார்.

"அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதி இயற்கை எழில் மிகுந்தது."

போன வாரம் இலத்தூரிலும் இதே எழில்தான். நண்பன் கண்ணை மூடிக்கொண்டான். போனை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு.

அப்போதுதான் ஒரு லாரி டிரைவர் வந்து எதிரே உட்கார்ந்தார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, வண்டிய ரோட்டுலயா நிறுத்துவாவ? ஓட்டத் தெரியுமா, இல்ல தள்ளிக்கிட்டே வந்தியளா?"

"யாரப் பாத்துலே கேக்க? நேத்து அந்த மலைப்பாத வளவுல பிரேக் பிடிக்காம நின்னவன் வண்டிய நாந்தாம்லே எறக்கிக் குடுத்தேன். அங்கன முதலாளி போன் மேல போன் போடுதான், இங்கன பேப்பர வாங்கி வச்சிக்கிட்டுத் தரமாட்டேங்கானுவ. இதுல நீ வேற."

புரோட்டா தீரும்வரை இரண்டு மொழியிலும் என்னைத் திட்டினார். நண்பன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். போன் ஓடிக்கொண்டேதான் இருந்தது. வருஷக்கணக்கில் தேடினது அதில் இருந்தது.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். இவன் போய், "அண்ணாச்சி, நீங்க பேசுனது இதுல பதிஞ்சிருச்சு. ஆராய்ச்சிக்கு வச்சிக்கிடலாமா?" என்று போட்டுக் காட்டினான்.

டிரைவர் முகம் சுருங்கிப்போனது. "இத போயி யூனிவர்சிட்டியில கேப்பாவளா? அசிங்கம்லா. அழிச்சிரு தம்பி. நல்லதா பேசித் தாரேன்." தொண்டையைச் செருமினார். "வணக்கம். நான் சரக்கு வாகன ஓட்டுநராகப் பணிபுரிகிறேன்."

நண்பன் முழுவதும் பொறுமையாகக் கேட்டான். பிறகு அவர் கண் முன்னாலேயே பழைய பதிவை அழித்தான்.

வெளியே மழை வலுத்திருந்தது. பைக்கை உதைத்துக்கொண்டே சொன்னேன்: "ஏலே, பேசாம தலைப்ப மாத்திரு. இந்த ஊருல எவனும் ஒனக்கு வாயத் தொறந்து பேசப்போறதில்ல."

பின்னால் ஏறி உட்கார்ந்தவன் சொன்னான்: "நாளைக்கு பதியலாமான்னு மொதல்லயே கேட்டுக்கிடுதேன், பொறவு நீ வம்பிழுலே."