அவரைப் பந்தலும் எதிர்வீடும்

எங்கள் தெருத் தோட்டத்தில் காய்க்கும் அவரைக்காயை நான் சாப்பிடுவதில்லை. வீட்டில் கேட்டால் வாயுத் தொல்லை என்று சொல்லிவிடுகிறேன். என் கணவர் நம்பிவிட்டார். எதையும் நம்பிவிடுவதுதான் அவருக்கு வசதி. உண்மையான காரணம் பூட்டிக் கிடக்கும் எதிர்வீடு. அந்தத் தோட்டத்தை ஆரம்பித்தவர் அந்த வீட்டில் இருந்த அக்கா. அவர் வீட்டுக்குள் தண்ணீர் போனதற்குக் காரணமானவர்கள் பலர் உண்டு. அதில் முதல் ஆள் நான்.

நாங்கள் இருப்பது தாம்பரத்துக்குக் கிழக்கே, சேலையூர் தாண்டி, வயலை பிளாட் போட்டு விற்ற ஒரு நகரில். பள்ளிக்கூடம், பேங்க், ரயில்வே, கம்ப்யூட்டர் என்று எல்லாரும் மாதச் சம்பளக்காரர்கள். தெருக் கோடியில், எங்கள் வீட்டை ஒட்டி, பூங்காவுக்கென்று விட்ட மனை ஒன்று உண்டு. பூங்காதான் வரவில்லை. இடித்த சுவரின் கல், பஞ்சு பிதுங்கிய மெத்தை, மூக்குடைந்த கொலு பொம்மை எல்லாம் அங்கேதான் வந்து சேரும். அசோசியேஷனில் வருஷா வருஷம் அதைப் பற்றி ஒரு தீர்மானம் போடுவோம். பிறகு போண்டா சாப்பிட்டுவிட்டுக் கலைவோம்.

அக்கா தீர்மானத்துக்காகக் காத்திருக்கவில்லை. டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் போய்விட்டார். மகன் குடும்பத்தோடு கேளம்பாக்கத்தில் இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நைட்டிக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கடப்பாரையோடு அந்தக் குப்பை மேட்டில் ஏறி நின்றார். நான் பால்கனியிலிருந்து, ஆள் வைத்துச் செய்யலாமே என்றேன்.

"ஆள் வைக்கணும்னா மீட்டிங் போடணும் டீச்சர். அதுக்கு நீங்க ஒரு மண்வெட்டி எடுத்துட்டு வந்துடலாம்" என்றார்.

வெட்கமாகப் போய்விட்டது. போனேன். மதியத்துக்குள் ஏழு பேர் சேர்ந்துவிட்டோம். கார் நிறுத்தும் தகராறில் நாலு வருஷமாகப் பேசாமல் இருந்த ரயில்வே சாரும் பேங்க் சாரும் ஒரே மெத்தையை ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு மாதத்தில் வீட்டுக்கு ஒரு பாத்தி என்று பிரித்துக்கொண்டோம். தண்ணீர் அக்கா வீட்டு போர்வெல்லிலிருந்து வந்தது. காலை ஆறு மணிக்கு மோட்டார் போட்டு, தெருவின் குறுக்கே டியூபை இழுத்து விட்டுவிட்டு, ஒவ்வொருவராக எழுந்து வரும்வரை அவரே எல்லார் பாத்திக்கும் பாய்ச்சுவார். தன் பாத்திக்குக் கடைசியில்தான்.

என் பாத்தியில் அவரை போட்டேன். சொந்தமாக ஒரு செடியைக்கூட வளர்த்தறியாதவள் நான். தொட்டியில் வைத்த துளசியே என் கையில் மூன்று முறை செத்திருக்கிறது. அப்படிப்பட்டவள் கையில் அந்தக் கொடி மூங்கில் பந்தலை மூடிக்கொண்டு ஊதாப் பூவாகப் பூத்தால் தலை கனக்குமா கனக்காதா? எனக்குக் கனத்தது. தெருவில் எல்லாரும் 'டீச்சர் பந்தல்' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஸ்டாஃப் ரூம் முழுக்க அவரைக்காய் விநியோகித்தேன். பந்தல் பக்கம் பந்து விழுந்தால் பிள்ளைகளை நான் திட்டிய திட்டு இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

முதல் ஐப்பசி மழையில் தோட்டத்தில் நாலு நாள் தண்ணீர் நின்றது. கத்தரி, தக்காளி, கீரை எல்லாம் அழுகிப் போயின. என் அவரை மஞ்சளாகி, ஐந்தாம் நாள் கையோடு வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் மாமியார் போனபோதுகூட அவ்வளவு அழவில்லை என்று கணவர் சொல்லிக் காட்டினார்.

எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு ஒரே வைத்தியம்தான் உண்டு. மேடாக்குவது. பெண் பார்க்கும்போது மாப்பிள்ளையின் சம்பளம் கேட்பதுபோல, புது வீட்டைப் பார்க்கப் போனால் முதலில் கேட்பது, ரோட்டிலிருந்து எத்தனை அடி ஏற்றினீர்கள் என்பதுதான். வீட்டை ஏற்றுவார்கள். அடுத்த வருஷம் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே ரோடு போடுவார்கள். உடனே பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் ஒரு அடி ஏற்றுவார். பழைய வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிறவர்களும் உண்டு.

அக்கா மட்டும் தூக்கவில்லை. தெருவில் முதலில் கட்டிய வீடு அவருடையது. அந்தக் காலத்தில் ரோட்டிலிருந்து மூன்று படி ஏறிப் போக வேண்டுமாம். நான் குடிவந்தபோதே கேட்டைத் திறந்து இரண்டு படி இறங்கித்தான் போக வேண்டியிருந்தது. ஏன் அக்கா நீங்களும் தூக்கக்கூடாது என்று ஒருமுறை கேட்டேன். நான் தூக்கினால் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும், அவர்கள் தூக்கினால் அடுத்த வீட்டுக்குப் போகும், இது எங்கே போய் முடியும் என்றார். பள்ளத்தில் இருந்தாலும் அதுவரை அவர் வீட்டுக்குள் தண்ணீர் நுழைந்ததில்லை. தெருத் தண்ணீர் எல்லாம் அவர் கேட்டை உரசிக்கொண்டு போய், அதைவிடப் பள்ளமான பூங்கா மனையில் இறங்கிவிடும். எங்கள் பாத்திகளை அழுகச் செய்த அதே பள்ளம்தான் அக்காவின் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. கண் இருக்கிற யாருக்கும் இது தெரியும்.

தோட்டத்தை இரண்டு அடி ஏற்றுவது என்று பேச்சு எழுந்தது. முதலில் எழுப்பியது யார் என்று கேட்டால் எல்லாரும் பேங்க் சாரைச் சொல்வார்கள். அவரிடம் சொன்னவள் நான்.

மண் விலை விசாரிக்க நானும் பேங்க் சாரும் மெயின் ரோட்டிலுள்ள சிமெண்ட், மணல் கடைக்குப் போனோம். கடைக்காரர் பழைய ஊர்க்காரர். எங்கள் நகர் இருக்கும் இடத்தில் அவர்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. என் வயசுதான் இருக்கும். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இன்னா டீச்சர், அது தண்ணி எறங்குற எடம். அத்த ஏத்திட்டா தண்ணி எங்க போவும்? எதிர்ல பள்ளமா கீதே, அந்தம்மா வூட்டுக்குத்தான் போவும். சொல்றத சொல்லிட்டேன். எத்தினி லோடு வோணும்னு நீங்க சொல்லுங்க, அடிச்சுடறேன்."

பேங்க் சாருக்கு அப்போது ஃபோன் வந்து, அவர் தள்ளிப் போயிருந்தார். நான் மட்டும்தான் கேட்டேன். திரும்பி வரும் வழியில் அவரிடம் சொல்லவில்லை.

மீட்டிங்குக்கு முந்தின நாள் அக்கா என் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக வாசலிலேயே பேசிவிட்டுப் போகிறவர், அன்று உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் கொடுத்த காபி ஆறிக்கொண்டிருந்தது.

"நான் சொன்னா, தன் வீட்டுக்காகப் பேசறாள்னு நினைப்பாங்க. நீங்க சயின்ஸ் டீச்சர். நீங்க கேட்டா பதில் சொல்லித்தான் ஆகணும். தண்ணி எங்க போகும்னு அந்த ஒண்ணை மட்டும் கேளுங்க டீச்சர், போதும்."

சரி அக்கா, கேட்கிறேன் என்றேன். சொன்னபோது கேட்பதாகத்தான் இருந்தேன்.

மறுநாள் ரயில்வே சார் வீட்டு கார் ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மீட்டிங் நடந்தது. எல்லாரும் ஏற்றலாம் என்றார்கள். அக்கா கடைசி வரிசையில் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வடிய வழி வேண்டாமா என்று ரயில்வே சாரே கேட்டார். உடனே யாரோ, டீச்சரைக் கேளுங்கள் என்றார்கள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எனக்கு அழுகின கொடி ஞாபகம் வந்தது. அடுத்த தை மாதத்துப் பூ கண் முன்னால் வந்தது. "அடியில ஒரு நாலு இஞ்ச் பைப் போட்டு, பின்பக்கக் கால்வாயில விட்டா போதும்" என்றேன். அப்பாடா என்று எல்லாரும் எழுந்தார்கள்.

தண்ணீர் தன் மட்டத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்று இருபத்தாறு வருஷம் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள் நான். கண்ணாடிக் குழாயில் சாயத் தண்ணீர் ஊற்றிக் காட்டுவேன். அடைமழை பிடித்தால் அந்தப் பின்பக்கக் கால்வாயே விளிம்புவரை நிரம்பிவிடும் என்பதை வருஷா வருஷம் என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். நிரம்பிய கால்வாய்க்குள் பைப் எப்படித் தண்ணீரைத் தள்ளும்? ஊருக்குத்தான் உபதேசம் என்பது எனக்காகவே சொன்னதுபோல் ஆயிற்று. லாரிகள் வந்து செம்மண் கொட்டின. அக்காவும் வந்து நிரவினார். மறுநாளிலிருந்து வழக்கம்போல ஆறு மணிக்கு மோட்டார் போட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் விடிந்ததும் நான் பால்கனிக்கு ஓடினேன். பந்தலைப் பார்க்க. தெருவெல்லாம் பழுப்புத் தண்ணீர். அதன் நடுவே தோட்டம் மட்டும் மேடாக, பாத்திகள் கலையாமல், என் அவரை பூவும் பிஞ்சுமாக நின்றது. படம் எடுத்து, 'நம்ம தோட்டம் தப்பிச்சுடுச்சு' என்று எழுதித் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். கட்டை விரல்களும் கைதட்டல்களும் வந்து விழுந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு, ஒரு காபியும் போட்டுக் குடித்தேன். அந்தப் பால்கனியில் நின்றால் எதிர்வீடு நேரே தெரியும். நான் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து பேப்பர் எடுக்கக் கீழே போன கணவர்தான் கத்தினார். அக்கா வீட்டு கேட்டின் மேல்பாதி மட்டும் வெளியே தெரிந்தது. ரயில்வே சாரும் பேங்க் சாரும் ஓடி வந்தார்கள். தொடையளவு தண்ணீரில் உள்ளே போனோம். ஃபிரிட்ஜ் சாய்ந்து மிதந்தது. அக்கா சாப்பாட்டு மேசை மேல், காலை மடக்கிக்கொண்டு, கையில் ஃபோனோடு உட்கார்ந்திருந்தார்.

என்னைப் பார்த்ததும், "பந்தல் நல்லா நிக்குது போல. படம் பார்த்தேன்" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

மத்தியானம் குரூப்பைத் திறந்து மேலே தள்ளிப் பார்த்தேன். என் படத்துக்கு ஒரு நிமிஷம் முன்னால் அக்காவின் வரி இருந்தது. 'வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு. யாராவது வர முடியுமா?' என் படமும் அதற்கு வந்த கைதட்டல்களும் அதை மேலே தள்ளிவிட்டிருந்தன. ஒருவரும் பார்க்கவில்லை.

பீரோவின் அடித்தட்டில் இருந்த கல்யாண ஆல்பம் ஊறிவிட்டது. எங்கள் வீட்டு ஹாலில் ஃபேனுக்குக் கீழே விரித்து, பக்கத்துக்குப் பக்கம் பவுடர் தூவிப் பிரித்தேன். பிரிக்கப் பிரிக்க முகங்கள் மெழுகுத் தாளோடு போய்விட்டன. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, இது என் நாத்தனார், இது அவரோட மேனேஜர் என்று வெள்ளையாய்ப் போன இடங்களைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகன் வந்து கேளம்பாக்கத்துக்கு அழைத்துப் போனான். ஒன்பதாவது மாடி. இனி அம்மா இங்கே தனியாக இருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கிளம்பும்போது அக்கா வீட்டுச் சாவியை என் கையில் வைத்தார்.

"மோட்டார் போடணும்ல. செடி காஞ்சிடக்கூடாது." பிறகு மகன் காரில் பையை வைக்கப் போனதும், "ஒண்ணு மட்டும் கேக்கறேன் டீச்சர். அந்தப் பைப் பத்தாதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "இவ்வளவு மழை வரும்னு யாருக்குக்கா தெரியும்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறினார்.

தோட்டம் இப்போதும் நன்றாக இருக்கிறது. போன மாதம்கூடப் பக்கத்து நகரிலிருந்து பார்க்க வந்து, இதேபோல் ஏற்றிக் கட்டப் போகிறோம் என்று அளந்துகொண்டு போனார்கள். பண்டிகைக்கு அக்காவுக்கு ஃபோன் செய்வேன். பாத்திகளை ஒவ்வொன்றாக விசாரிப்பார். அந்தக் கேள்வியை மட்டும் திரும்பக் கேட்டதில்லை.

தினமும் காலை ஆறு மணிக்கு நான் அந்தப் பூட்டைத் திறக்கிறேன். இரண்டு படி இறங்கி உள்ளே போகிறேன். மோட்டார் சுவிட்சுக்குக் கீழே, ஹாலின் நாலு சுவரையும் சுற்றி, தண்ணீர் நின்ற பழுப்புக் கோடு அப்படியே இருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் அந்த வீட்டுத் தண்ணீர் தெருவைக் கடந்து என் அவரைக்குப் போகிறது. பாத்திகள் நிரம்பும்வரை அந்தக் காலி ஹாலில் நின்றுகொண்டு, அன்றைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்க்கிறேன். தெரியும் அக்கா. மீட்டிங்கில் வாயைத் திறந்தபோதே தெரியும்.