அமாவாசைக்குத் திறந்த பல் மருத்துவமனை

பிரதோஷ வேளையில், நந்தியெம்பெருமானுக்கு நேர் எதிரே நின்று பதிகம் பாடிக்கொண்டிருந்தபோது, என் மேல்வரிசைப் பல்செட்டு கழன்று கீழ்வரிசையின்மேல் அமர்ந்தது. உடன் பாடுவோர் எண்மர் இருந்ததால் பாடல் நிற்கவில்லை. அடுத்த நான்கு அடிகளை நான் மட்டும் உதடு மூடியபடியே பாடினேன். பக்கத்தில் நின்ற அன்பர், நான் உள்ளம் உருகி வாயடைத்துப்போனதாகக் கருதித் தம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மதிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை பல் மருத்துவரிடம் போனேன். அவர் ஐம்பதை நெருங்கிய அம்மையார். எங்கள் நெசவாளர் தெருக்கள் கூடும் முனையில், ஒற்றை நாற்காலியும் ஓர் உதவிப் பெண்மணியுமாகப் பல ஆண்டுகளாய்த் தனியே மருத்துவமனை நடத்துகிறார். பல்செட்டைச் சற்றுத் தேய்த்து மாட்டிவிட்டு, "பாடுங்க ஐயா" என்றார்.

மல்லாந்த நிலையில் பாடினேன். எந்த எழுத்தில் தளர்கிறது என்று காது கொடுத்துக் கேட்டார். கழற்றினார், தேய்த்தார், மாட்டினார், மீண்டும் பாடச் சொன்னார். அதுதான் அவருடைய முறை. நாகசுரக்காரர் வந்தால் ஊதிக் காட்டச் சொல்வார். பட்டிழையைப் பல்லால் கடித்து அறுத்தே பழகிய நெசவாளர் வந்தால், மேசை இழுப்பறையிலிருந்து ஓர் இழையை எடுத்துக் கொடுத்துக் கடிக்கச் சொல்வார். தக்கன் வேள்வியில் சூரியனின் பல் உதிர்ந்ததை நாங்கள் ஆண்டாண்டாகப் பாடி வருகிறோம். அந்தப் பல்லைப் பிறகு கட்டிக்கொடுத்தவர் யார் என்று ஒருவரும் பாடி வைக்கவில்லை. இந்த அம்மையாரைப் போல் ஒருவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பத்துப் பாடல்களையும் பாடி முடிக்கும்வரை வேறெவரும் வாசலில் செருப்பைக் கழற்றவில்லை என்பதை எழுந்தபோதுதான் கவனித்தேன். காரணத்தை அவரே சொன்னார். பட்டுக்கடைகள் நிறைந்த பெரிய சாலையில், ஊர்தோறும் கிளை வைத்திருக்கும் பல் மருத்துவமனை ஒன்று வந்துவிட்டது. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், காத்திருப்போருக்குக் காப்பி. அதன் மேலாளர் இவரிடம், இதை மூடிவிட்டு எங்களிடம் சம்பளத்துக்கு வந்துவிடுங்கள், மாதம் முடிவதற்குள் பதில் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

"போய்விடுவீர்களா?" என்றேன்.

"போக மனசில்ல ஐயா. ஆனா ஆளே வராம இந்த நாற்காலிய எத்தன நாளைக்குத் தொடச்சிக்கினு இருக்கறது? அங்க ஒருத்தருக்கு இருபது நிமிஷம்தானாம். உங்க பதிகம் அதுல பாதிகூட முடியாது."

கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனைப் பிரிவில் நின்று முப்பது ஆண்டுகள் புடவை விரித்துக் காட்டியவன் நான். வணிகம் எனக்குத் தெரியும் என்னும் எண்ணம் ஓய்வு பெற்ற பின்னும் ஓயவில்லை. இந்த மருத்துவமனையைக் காப்பது என் பொறுப்பு என்று அறிவித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அறிவிக்கும்படி யாரும் கேட்கவில்லை.

நேரம் ஒழுங்காக இருந்தால் ஆள் ஒழுங்காக வரும் என்பது என் முதல் சித்தாந்தம். பஞ்சாங்கத்தை விரித்து வைத்து, இரண்டு நாள் உட்கார்ந்து, நோயாளிகளை வரவழைக்கத் தக்க நேரங்களைக் கட்டம் போட்டு எழுதினேன். ராகுகாலம், எமகண்டம், குளிகை, அஷ்டமி, நவமி, கரிநாள், அமாவாசை ஆகியவற்றை விலக்கினேன். பிரதோஷ மாலைகளையும் விலக்கினேன். அப்போது எனக்குக் கோயிலில் வேலை. மருத்துவமனையில் உதவிப் பெண்மணி தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

"ஐயா, இதுல மிச்சம் இருக்கறது வியாழக்கெழம காலைல ஒரு மணி நேரந்தான். அந்த நேரத்துல எனக்கே பல்லு வலிச்சிதுன்னா, மத்தவங்கள எந்த மாசத்துக்கு வரச் சொல்றது?"

நான் தாளைத் திரும்ப வாங்கிக் கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது, கன்னம் வீங்கிய ஒரு நெசவாளர் வீட்டு அம்மாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார். அப்போது ராகுகாலம். வீக்கம் பஞ்சாங்கம் பார்த்து வந்ததாகத் தெரியவில்லை.

"எத்தன நாளாம்மா?" என்றார் மருத்துவர்.

"பத்து நாளா வலிச்சிக்கினே இருக்குது டாக்டரம்மா."

"பத்து நாளா? இன்னாம்மா பண்ணிக்கினு இருந்தே?"

"கோர்வப் பொடவ ஓடுதும்மா. கர ஒரு கலரு, ஒடம்பு ஒரு கலரு. நான் எழுந்துட்டா எதிர்ப் பக்கத்துலேர்ந்து கரைக்கு நாடாவ யாரு போடறது? எங்க வூட்டுக்காரரு கால நீட்டிக்கினு விட்டத்தப் பாக்கணும். அமாவாசைக்குத்தான் தறி ஓடாது. அன்னிக்கி ஓடியாந்தேன். நீங்க பூட்டிக்கினு போய்ட்டீங்க."

"அந்தப் பெரிய மருத்துவமனை அன்று திறந்திருக்குமே?" என்று நான் குறுக்கிட்டேன்.

"தெறந்துதான் இருந்துச்சி பெரியவரே. வாசல் வரைக்கும் போனேன். தர கண்ணாடியாட்டம் மின்னுது. செருப்ப எங்க வுடறதுன்னு தெரியல, திரும்பி வந்துட்டேன்."

மருத்துவர் அந்தப் பல்லைக் கவனித்து அனுப்பிவிட்டு யோசனையில் ஆழ்ந்தார். அமாவாசையன்று பல் பிடுங்கவோ இரத்தம் காணவோ எங்கள் ஊரில் ஒருவரும் இசையமாட்டார். ஆகவேதான் தொழில் தொடங்கிய நாள் முதல் அன்று அவர் கதவைத் திறந்ததில்லை. ஆனால் சுற்றிலும் இருக்கும் அத்தனை தறிகளும் ஓய்ந்திருப்பது அந்த ஒரு நாளில்தான்.

"பிடுங்காம, ஊசி குத்தாம, சும்மா பாக்கலாமே" என்றார் உதவிப் பெண்மணி. "சுத்தம் பண்றது, அளவு எடுக்கறது, செட்டு சரி பண்றது. இதுக்கெல்லாம் இன்னா தோஷம்?"

பஞ்சாங்கம் இரண்டு நாளில் எனக்குக் காட்டாததை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். வரும் அமாவாசையன்று திறப்பது என்று முடிவாயிற்று. அதை ஊருக்குத் தெரிவிக்கும் பணியை மட்டும் நான் கேட்டுப் பெற்றேன்.

பழைய பதிவேட்டிலிருந்து விலாசங்களை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். மேலே மருத்துவரின் பெயர் பெரிய எழுத்தில்; கீழே, கார்த்திகை அமாவாசையன்று காலை அன்பர்கள் அனைவரும் வந்து பயன்பெறுமாறு நல்ல தமிழில் நான்கு வரி. அச்சுக்காரர் கேட்டார்: "ஓரத்துல மஞ்சள் தடவணுமாய்யா?"

"அமாவாசைக்கு எதற்கு மஞ்சள்?" என்றேன் கண்டிப்பாக. முன்னோருக்குரிய நாளில் மங்கலக் குறி வேண்டாம் என்பது என் ஆசாரம்.

அச்சுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. துக்க வீட்டாரைத் துருவிக் கேட்கக்கூடாது என்னும் நாகரிகம் அவருக்கு இருந்தது. தாமாகவே அட்டையைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று போட்டுவிட்டார். கட்டாகக் கட்டித் தந்ததை நான் பிரித்துப் பார்க்காமல், அவர் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டே விலாசம் எழுதுவித்து, அஞ்சலில் சேர்த்தேன்.

அமாவாசைக் காலை, தர்ப்பணம் முடித்து நான் போய்ச் சேர்ந்தபோது, வாசலில் கையில் மாலையுடன் ஒரு முதியவர் நின்றிருந்தார். எதிரே வெள்ளை அங்கியுடன் மருத்துவர். முதியவர் மாலையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மெல்ல உள்ளே போய்ச் சுவரிலிருந்த ஏகாம்பரநாதர் படத்துக்கு அதைச் சாத்தினார். அவருக்குப் பின்னால் அழுத கண்களோடு பெண்கள் சிலர்.

உதவிப் பெண்மணி ஓர் அட்டையை என் முன் நீட்டினார். "மஞ்சளு இல்ல, கறுப்புக் கோடு, மேல டாக்டரம்மா பேரு. ஐயா, நீங்க அடிச்சது பல்லு பத்திரிகையா, பதினாறாம் நாள் பத்திரிகையா?"

சிவனே என்று நின்றேன். என் நெடிய வாழ்க்கையில் அந்தத் திருநாமம் அவ்வளவு பொருத்தமாக வாயில் வந்ததில்லை.

அழுதுகொண்டு வந்த அம்மாள் ஒருவர் மருத்துவரின் கையைத் தொட்டுப் பார்த்தார். "குத்துக்கல்லாட்டம் இருக்கறவளுக்கு எவன்மா இப்டி அச்சடிச்சான்? நல்லா இரு. வந்ததுதான் வந்துட்டேன், இந்தக் கடவாப் பல்ல கொஞ்சம் பாரு."

அப்படித்தான் தொடங்கியது. யாரும் திரும்பிப் போகவில்லை. தறிக்குப் போகவேண்டிய நாளும் அல்ல. காத்திருந்த வரிசையில், துக்கத்துக்கென்று எண்ணி எடுத்து வந்த சொற்களை வீணாக்காமல் பேசினார்கள். என் மாமியார் கடைசிக் காலத்தில் சோறு மென்று தின்னப் பல் கட்டித் தந்தது இந்தக் கைதான் என்றார் ஒருவர். என் மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் உடைந்த முன்பல்லை இரவோடு இரவாக ஒட்டித் தந்தார் என்றார் இன்னொருவர். திரைக்கு அந்தப் பக்கம் கருவிச் சத்தம் சில முறை நின்று நின்று ஓடியது. மறைந்தபின் சொல்லப்படுவதை இருக்கும்போதே கேட்கும் பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

உச்சிவேளைக்குச் செருப்புகள் சாலை வரை பரவியிருந்தன. அவற்றுக்கிடையே பளபளக்கும் சப்பாத்துகளுடன் ஒருவர் தயங்கி நின்றார், கையில் மலர்வளையம். பெரிய மருத்துவமனையின் மேலாளர். அட்டைச் செய்தி அவரையும் எட்டியிருந்தது. மருத்துவர் திரையை விலக்கினார்.

"வாங்க சார். பதிலுக்குத்தானே? வரிசைல உக்காருங்க."

அவர் மலர்வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு, எனக்கும், மாலை கொண்டுவந்த முதியவருக்கும் நடுவே, தம் முறை வரும்வரை அமர்ந்திருந்தார். முறை வந்ததும் மருத்துவர் அவரை நாற்காலியில் சாய்த்து, விளக்கை இழுத்து, வாயைத் திறக்கச் சொன்னார். சிறு கண்ணாடி உள்ளே போனதும் பேசினார்.

"உங்க ஆஸ்பத்திரிக்கு நான் வரல சார். இங்கியே இருக்கப்போறேன்."

மேலாளர் ஏதோ சொல்ல முயன்றார். குரல் மட்டும் வந்தது.

"பேசாதீங்க, கண்ணாடி உள்ள இருக்குது. கீழ் வரிசைல ஒண்ணு சொத்தையாயிட்டு இருக்கு. இன்னிக்கி அதத் தொடமாட்டேன், நாள் சரியில்ல. நாளன்னிக்கி வந்துடறீங்களா?"

அவர் வாயைத் திறந்தபடியே தலையசைத்தார்.