நாகர் சோலையில் சங்கிலி பிடித்தது

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின காலம். ஜில்லா போர்டு ஆபீசில் நான் தற்காலிக அளவுக்காரனாக இருந்தேன். எட்டாங் கிளாஸ் படித்தவனுக்கு அதுவே பெரிய உத்தியோகம். தென்காசி, குற்றாலம் சுற்றுவட்டத்தில் ஜனங்கள் நடக்கிற பாதைகளையும், மரங்கள் நிற்கிற பொது இடங்களையும் அளந்து படம் போட வேண்டும் என்று போர்டில் தீர்மானமாகியிருந்தது. சீசனுக்கு வருகிற கூட்டம் ஏறிக்கொண்டே போயிற்று. பாதையோரத்து நிலக்காரர்களோ வேலியை வருஷத்துக்கு ஒரு முழம் வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள். படம் போட்டு, இரண்டு ஓரமும் கல் நட்டுவிட்டால் பிறகு ஒருவரும் அசைக்க முடியாது என்பது ஏற்பாடு.

சங்கிலி பிடிக்க எனக்குத் துணையாக ஒரு அண்ணாச்சி இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இரும்புக் கம்பிகளைக் கோத்த நீளச் சங்கிலி அது. இரண்டு நுனியிலும் பித்தளைப் பிடி. அவர் முன்னால் இழுத்துக்கொண்டு போவார். நான் பின்நுனியில் நின்று நேர் பார்த்துச் சொல்லி, நோட்டில் எழுதுவேன். எங்களுக்கு மேலே ஓவர்சியர். வெளி ஜில்லாக்காரர். நோட்டில் எழுதினதை அழிக்கக் கூடாது, திருத்தினால் தன் கையெழுத்து வேண்டும் என்பதில் கறாரானவர்.

அப்போது என் மனைவிக்கு ஏழு மாதக் கர்ப்பம். அதற்கு முன் ஒன்று பிறந்து மூன்றாம் நாளே போய்விட்டது. அதன் உடம்பெல்லாம் செதில் செதிலாக இருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். நாகதோஷம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அரசமரத்தடியில் நாகர் கல் நட்டு, ஒரு மண்டலம் இருவரும் விரதம் இருந்து, அதன் பிறகு தங்கினது இந்தக் கரு. ஆகையால் அந்த மாதங்களில் நான் புற்று இருக்கிற பக்கம் காலைக்கூட ஓங்கி வைக்காமல் நடந்தேன்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அச்சன்புதூர்ப் பக்கத்துப் பாதை ஒன்று என் பங்குக்கு வந்தது. வயல் வரப்பு முடிந்ததும் அது ஒரு நாகர் சோலைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறுகிறது. செங்கோட்டைக்காரர்கள் காவு என்பார்களே, அதேதான். உள்ளே எந்த மரத்திலும் ஒரு சுள்ளி ஒடிக்க மாட்டார்கள். அரிவாளோ மண்வெட்டியோ கையில் இருந்தால் வாசலில் வைத்துவிட்டுத்தான் ஆட்கள் கடந்து போவார்கள். இரும்பு உள்ளே போகக் கூடாது. எங்கள் கையில் இருந்ததோ முழுக்க இரும்பு.

அண்ணாச்சி வாசலில் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் வாய்க்கால் பக்கம் பார்த்தேன். அவர் சங்கிலியைத் திரும்பத் தூக்கி, சோலைக்கு வெளியே, வாய்க்காலுக்கும் மரங்களுக்கும் நடுவே கிடந்த ஒடுக்கமான இடம் வழியாக இழுத்துக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். முருங்கையும் கத்தரியும் சேனையும் போட்டிருந்தது. செடி மிதிபடாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தோம். நோட்டில் அதைப் பாதை என்று எழுதினேன். காகிதத்தில் ஒரு கோடு வளைந்து போனால் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் அப்போது நினைத்தேன். பொய் எழுதுகிறோம் என்றுகூட மனசில் படவில்லை. சாமிக்குப் பயந்து நடந்தோம் என்று ஒரு திருப்தியே இருந்தது.

ஒரு மாதம் கழித்து, மத்தியானம் நான் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்தில் ஒரு அம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். புருஷன் கொழும்புக்குப் போய் அங்கேயே மாண்டவன் என்று பிறகு தெரிந்தது. தலையில் காய்க்கூடை. சந்தைக்கு வந்தவள் விசாரித்து வந்திருக்கிறாள்.

"எங்க தோட்டத்த அளந்தது நீங்கதானாய்யா?" என்று கேட்டாள்.

எந்தத் தோட்டம் என்று எனக்கு உடனே நினைவு வரவில்லை. அவளே சொன்னாள். தலையாரி வந்து வேலியைப் பிடுங்கச் சொன்னாராம். வருகிற திங்கட்கிழமை கல் வண்டி வருகிறதாம். படத்தில் அவள் தோட்டம் பாதையாக இருக்கிறதாம். அது போனால் அவளுக்கு வேறு ஒரு சாண் மண் கிடையாது. சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. எனக்கு ஒன்றும் தெரியாததுபோல நிதானமாக எடுத்துச் சொன்னாள்.

"அங்கன ஒரு நாளும் ஒரு சனம் நடந்ததில்லய்யா. எல்லாரும் சோலைக்குள்ளதான் போறாக வாராக. நீங்க எதப் பாத்து எழுதினீக?"

ஆபீசில் பார்த்துச் சொல்லுகிறேன் என்று அனுப்பிவிட்டேன். உள்ளேயிருந்து மனைவி யார் என்று கேட்டாள். காய் விற்கிறவள் என்றேன். அது இரண்டாவது பொய்.

மறுநாள் காலையில் உலகம்மன் சன்னிதியில் நெடுநேரம் நின்றேன். கும்பிடக் கை குவிந்தது, வேண்டுதல் ஒன்றும் வாயில் வரவில்லை. எந்தச் சாமிக்குப் பயந்து அப்படி எழுதினேனோ அந்தச் சாமி பேரைச் சொல்லியே ஒருத்தியின் மண்ணைப் பிடுங்கிக் கொடுத்திருக்கிறேன். இதற்கு ஈடாக அது என் பிள்ளையைக் கேட்டால் நான் என்ன சொல்ல முடியும்? அங்கிருந்து நேரே ஆபீசுக்குப் போய் ஓவர்சியரிடம் உள்ளதைச் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடக்காத பாதையை எழுதினவனை வேலையில் வைத்திருப்பதே குற்றம் என்றார். கடைசியில், சனிக்கிழமைக்குள் சோலைக்கு உள்ளே அளந்து புதுப் பக்கம் எழுதி வந்தால் பழையதை அடித்துக் கையெழுத்துப் போடுவேன், இல்லாவிட்டால் படத்தில் இருக்கிறபடியே கல் நடுவார்கள், உன்னைப் பற்றியும் மேலே எழுதுவேன் என்றார். கயிற்றால் அளக்கலாமா என்று கேட்டேன். சாரலில் நனைந்தால் ஒரு நீளம், காய்ந்தால் ஒரு நீளம், போர்டு கயிற்றை ஒப்புக்கொள்ளாது, சங்கிலிதான் என்றார்.

சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். சாரல் விட்டு விட்டு விழுந்தது. திரும்பிப் பார்த்தால் தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுரம் மேகத்துக்குள் பாதி மறைந்திருந்தது. வழியெல்லாம் அண்ணாச்சியின் தோளில் சங்கிலி கலகலவென்று சத்தம் போட்டது. அதைத் துணி சுற்றி எடுத்து வந்திருக்கலாமே என்று தோன்றியது. துணி சுற்றினால் சாமிக்குத் தெரியாதா என்றும் தோன்றியது.

சோலைக்கு விளக்குப் போடுகிற பெரியவரிடம் முதலில் உத்தரவு கேட்பது என்று பேசிவைத்திருந்தோம். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, நந்தியாவட்டைப் பூவை ஒரு இலையிலும் செவ்வரளியை ஒரு இலையிலும் மடித்துக் கட்டினார். இரண்டையும் வாசலில் இருந்த நாகர் முன்னால் உருட்டிப் போட்டார். வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் போகக் கூடாது. என்னையே எடுக்கச் சொன்னார்.

நான் எடுத்துப் பிரித்தேன். செவ்வரளி.

பெரியவர் இலையை வாங்கிக் கீழே வைத்தார். உத்தரவு இல்லை, நான் தடுக்கிறவனும் இல்லை, கேட்டாயிற்று, சொல்லியாயிற்று என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அண்ணாச்சி சங்கிலியைத் தோளிலிருந்து இறக்கினார். "தம்பி, எனக்கு நாலு புள்ளைக. ஒன் வீட்டுலயும் புள்ளத்தாச்சி. வேல போனா ரெண்டு பேரும் மம்பட்டி பிடிப்போம். இதுக்கு நான் வரமாட்டேன்" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது? திரும்பிவிடலாம் என்றுதான் நானும் குனிந்து சங்கிலியைச் சுருட்ட ஆரம்பித்தேன். அந்த அம்மாள் தோட்டத்து வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இறங்கி வந்து ஒரு பித்தளைப் பிடியைக் கையில் எடுத்தாள்.

"பூ கேட்டது ஒங்களுக்குல்லா. எனக்குக் கேக்கலியே. நான் பிடிக்கேன், நீங்க வாரீகளா?" என்றாள்.

அண்ணாச்சிக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அவளைப் பார்த்தேன். பிடியை விடாமலே மறு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளும் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள்தான். தினமும் அந்த நாகரைக் கும்பிட்டுவிட்டுத்தான் அவள் வாய்க்காலில் இறங்குகிறவள். நான் மறு பிடியை எடுத்தேன். வாசல் மண்ணைத் தொட்டு, "எழுதினது நான், எது வந்தாலும் எனக்கு வரட்டும், வயிற்றில் இருக்கிறதுக்கு வேண்டாம்" என்று வாய்விட்டே சொன்னேன். அவளுக்குக் கேட்டிருக்கும்.

உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகிவிட்டது. சாரல் நின்ற பிறகும் இலைகளிலிருந்து சொட்டுகிற சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவே சங்கிலி சருகில் இழுபடுகிற ஓசை. ஓட்டைச் சட்டியைத் தரையில் தேய்ப்பதுபோல எனக்குக் காதில் கூசிற்று. முதல் சங்கிலி நீளம் முடிந்ததும் அடையாள ஊசியை மண்ணில் குத்த வேண்டும். அதுவும் இரும்பு. அவள் குத்தத் தயங்கினாள். நான் போய், மண்ணைக் கையால் தோண்டி, ஊசியை நட்டு வைத்தேன். நோட்டில் எழுதும்போது எழுத்து கோணல் மாணலாக விழுந்தது. அட்டைகள் காலில் ஏறினது தெரிந்தும் குனிந்து எடுக்கத் துணிவில்லை.

மூன்றாவது நீளத்தில் சங்கிலி எங்கோ மாட்டிக்கொண்டது. அவள் அந்தப் பக்கம் இழுத்தாள், நான் இந்தப் பக்கம் தளர்த்தினேன். வரவில்லை. நடுவில் ஆள் உயரப் புற்று ஒன்று நின்றது. அதன் மறைவில்தான் மாட்டியிருந்தது. இழுக்காதே என்று அவளுக்குக் கையைக் காட்டிவிட்டு நான் போனேன். பத்து அடிதான் இருக்கும். அந்தப் பத்து அடியை எப்படி நடந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. புற்றுக்குப் பின்னால் மஞ்சள் பூசின சின்ன நாகர் கல் ஒன்று இருந்தது. சங்கிலி அதன் கழுத்தைச் சுற்றி விழுந்து கிடந்தது. யாரோ வேண்டுமென்றே போட்டதுபோல இருந்தது. கல்லின் அடியில் வாழைநார் மாதிரி ஒரு பாம்புச் சட்டை, புதிது, இன்னும் ஈரம் காயவில்லை.

முழங்காலில் உட்கார்ந்தேன். இரண்டு கையாலும், சாமிக்குச் சாத்தின மாலையைக் கழற்றுவதுபோல, மெள்ளத் தூக்கி எடுத்தேன். ஒரு கண்ணி கல்லில் உரசிக் கொஞ்சம் மஞ்சள் பெயர்ந்து வந்துவிட்டது. என் விரலில் ஒட்டியிருந்த அந்த மஞ்சளைத் துடைக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். சருகுக்குள் ஏதோ நகர்ந்தது. நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, அந்த அம்மாள் அந்தப் பக்கமிருந்து, "இன்னும் ஒரு எட்டுத்தான்யா, வெளிச்சம் தெரியுது" என்றாள்.

நாலரைச் சங்கிலியில் வெளியே வந்தோம். அண்ணாச்சி தோட்டம் வழியாகச் சுற்றி வந்து அங்கே காத்து நின்றார். எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என் காலிலிருந்து அட்டைகளைச் சுண்ணாம்பு வைத்து எடுத்தார்.

ஓவர்சியர் அன்று சாயங்காலமே சோதிக்க வந்தார். சோலை வாசலில் பூட்சைக் கழற்றினார். உள்ளே கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தார். பிறகு பூட்சைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "சரியாகத்தான் இருக்கும்" என்று வெளியே நின்றபடியே பழைய பக்கத்தை அடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். திங்கட்கிழமை கல் வண்டி வந்தது. பாதை நுழைகிற இடத்தில் இரண்டு, வெளியேறுகிற இடத்தில் இரண்டு, அவ்வளவுதான் நட்டார்கள். சோலை படத்தில் பொது மரத்தோப்பு என்று பச்சை மையில் ஏறியது. அவள் வேலியை யாரும் தொடவில்லை.

நான் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி மனைவி புரண்டு படுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். பத்து நாள் கழித்து அந்த அம்மாள் ஒரு கூடை முருங்கைக்காயோடு நன்றி சொல்ல வந்தாள். நான் வீட்டில் இல்லை. நடந்ததையெல்லாம் செவ்வரளி உட்பட என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

நான் வந்தபோது மனைவி அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வயிற்றின் மேல் இரண்டு கையும் இருந்தன. நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அவளே ஆரம்பித்தாள்.

"எங்கிட்டக் கேட்டிருந்தா நானும் போவத்தான் சொல்லியிருப்பேன். அவளும் ஒரு பொம்பளதான. ஆனா கேட்டிருக்கணும். இது எம் வயித்துலல்லா கெடக்கு."

அன்றிலிருந்து பிரசவம் வரைக்கும் இருவரும் சேர்ந்து பயந்தோம். வெள்ளிக்கிழமை தவறாமல் நாகருக்குப் பால் கொண்டுபோனோம்.

பெண் குழந்தை பிறந்தது. மருத்துவச்சி துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்ததும் நான் முகத்தைப் பார்க்கவில்லை. துணியை விலக்கி, முதுகை, தொடையை, கழுத்து மடிப்பை, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். பூப்போல இருந்தது. மூன்றாம் நாள் விடிந்து, நாலாம் நாள் விடிந்து, பிறகுதான் நான் ஒழுங்காகத் தூங்கினேன்.

இப்போது அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது. சின்ன வயதில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால், உடம்பில் ஒரு வேர்க்குரு தெரிந்தால், மனைவியின் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அவள் ஈரத்துணியைப் பிழிந்து பிள்ளையின் நெற்றியில் போட்டுக்கொண்டிருப்பாள். உம்மாலேதான் என்று ஒரு தடவைகூட அவள் சொன்னதில்லை. சொல்லிவிடுவாளோ என்று ஒவ்வொரு தடவையும் நான் காத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.