மழை படிக்கப் போன எங்கள் அக்கா

அக்கா நம்மைப் பிரிந்து இந்த மாசியோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்று அக்காவின் கணவர், என் மாமா, சொன்னபோது தயங்கினேன். நாகலூருக்கும் ஏற்காட்டுக்கும் ஜீப் ஓட்டுகிறவன் நான். பல்கலைக்கழகம் போய்ப் படித்தவரைப் பற்றி எனக்கு என்ன எழுதத் தெரியும்? ஆனால் அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன் நான் ஒருவன்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன். பிழை இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது நாகலூரில், எஸ்டேட் ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில். அப்பா அந்த எஸ்டேட்டில் ரைட்டர். வேலைக்கு வந்த ஆட்களைக் குறிப்பதோடு, காலை எட்டரை மணிக்கு ஆபீஸ் முன்னால் நிற்கும் மழைமானியில் சேர்ந்த நீரை அளந்து நோட்டில் எழுதுவதும் அவர் வேலை. அம்மா காப்பிப் பழம் பறிக்கப் போவார். அக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஒன்பது வயது இருந்தபோது, அம்மா சேலத்தில் ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்து காலமானார். அதன்பின் சமையலும் நானும் அக்காவின் பொறுப்பானோம். எனக்குத் தலைவாரி விட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை.

ஏற்காட்டுப் பள்ளிக்குப் போகும் அந்தப் பஸ்ஸில்தான் அவருடைய படிப்பு தொடங்கியது என்று சொல்ல வேண்டும். நாகலூரில் குடை பிடித்து ஏறுவோம். ஏற்காட்டில் இறங்கினால் ரோடு காய்ந்து கிடக்கும். ஒரே மலையில் இது ஏன் என்று இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டிருக்கிறார். "அதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது அம்மா" என்றாராம் அவர். சேலத்தில் இயற்பியல் பட்டம் முடித்த கையோடு, வேறு மாநிலத்தில் கடலோரத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கு, வானிலையியலும் காலநிலையியலும் படிக்க விண்ணப்பித்தார்.

இடம் கிடைத்தபோது பெரியப்பா சிரித்தார். "மழயப் படிக்கறதுக்கு ஒரு காலேஜா? வெளிய வந்து அண்ணாந்து பாத்தாத் தெரிஞ்சுட்டுப் போவுது!"

"அவ ஆசப்படறா. போய்ட்டு வரட்டுங்கண்ணா" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அங்கே பட்ட பாட்டை அக்கா பிற்பாடுதான் சொன்னார். பள்ளியில் தமிழில் படித்தவருக்கு வகுப்பெல்லாம் ஆங்கிலம். காற்று நகர்வதைக் கணக்காகப் போடும் பாடத்தில் முதல் பருவம் தோற்றுப் போனார். விடுதிப் போனில் எங்களிடம் "நல்லாருக்கேன், நொம்ப நல்லாருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போய் அழுவாராம். அடுத்த பருவத்தில் அதே பாடத்தில் தேறினார். வானிலை வரைபடத்தில் காற்றழுத்தக் கோடுகளைப் பென்சிலால் இழுப்பதில் வகுப்பிலேயே அவர் கைதான் சுத்தம் என்று பெயரெடுத்தார்.

கடைசி ஆண்டு ஆய்வுக்கு நம் மலையின் மழையையே எடுத்துக்கொண்டார். எஸ்டேட் மேனேஜரிடம் அனுமதி வாங்கி, அப்பா எழுதிய இருபது ஆண்டு மழை நோட்டுகளைக் கொண்டுபோனார். ஐப்பசி மழை கூடிக்கொண்டு வருகிறது என்று அவருக்குத் தோன்றியது. அவருடைய பேராசிரியை நோட்டுகளைப் புரட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை மழையே பெய்யாதா?"

அந்த வாரமே அக்கா ஊருக்கு வந்துவிட்டார். காலையில் அப்பா காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ஏனுங்ப்பா, ஒண்ணு கேக்கட்டுங்களா? கோவிச்சுக்காதீங்க."

"கேளு கண்ணு."

"ஞாயித்துக்கெழம மழ அளக்க மாட்டீங்களா?"

"அன்னிக்கு லீவுதானே. திங்கக்கெழம ரெண்டு நாளத்தையும் சேத்து அளந்து எழுதீருவேன்."

"அது பரவால்லீங்க. சரி பண்ணிக்கலாம். ஆனா ஒரு வருசம் ஐப்பசி கார்த்திகைல நாப்பது நாளு மழன்னு எழுதியிருக்கறீங்க. பக்கத்து எஸ்டேட்டு நோட்டுல பாதி நாளு சொட்டு மழ இல்லீங்ப்பா."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். எந்த வருடம் என்று அவர் கேட்கவில்லை.

"உங்கம்மாகூட ஆஸ்பத்திரில இருந்தனே, அந்த நாப்பது நாளு. திரும்பி வந்து, வழக்கமா அப்போ எப்பிடிப் பெய்யுமோ அப்பிடி எழுதிட்டேன். மேனேஜர் கேட்டா என்ன சொல்லறது? உங்க ரெண்டு பேத்தையும் வெச்சுக்கிட்டு வேலையும் போச்சுன்னா?"

அக்காவின் கண்ணில் நீர் நின்றது. ஆனாலும் சொல்லிவிட்டார். "அத அப்பிடியே உட முடியாதுங்ப்பா. ஆய்வுல எழுதித்தான் ஆகோணும்."

அப்பா எழுந்துவிட்டார். "இருவது வருசம் நனஞ்சுக்கிட்டுப் போயி அளந்தேன். அது உனக்குத் தெரியல. இந்த நாப்பது நாளுதான் தெரிஞ்சுதா?"

அதன்பின் மூன்று மாதம் அவர் அக்காவிடம் பேசவில்லை. போன் வந்தால் என்னிடம் நீட்டிவிட்டு வெளியே போய்விடுவார். இதை எழுதலாமா என்று அப்பாவிடமே கேட்டேன். "நடந்தத எழுது" என்றார்.

அக்கா எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பேராசிரியை கேட்டது ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும்தான். அந்த நாற்பது நாளை நீக்கியதும் அக்கா கண்டதாக நினைத்த முடிவே ஆட்டம் கண்டது. வேலை எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. மாரமங்கலம் பக்கத்து எஸ்டேட்டுகளுக்கு நடந்தே போய் நோட்டுகளைப் பார்த்து எழுதிக்கொண்டார். பட்டம் அரை ஆண்டு தள்ளிப்போனது.

வாய்மொழித் தேர்வுக்கு அக்கா எங்கள் இருவரையும் அழைத்தார். வர மாட்டேன் என்ற அப்பா, கிளம்பும் நாளன்று வெள்ளை வேட்டி கட்டி எனக்கு முன்னால் தயாராக நின்றார். தேர்வு முடிந்ததும் அக்கா ஆய்வேட்டைத் திறந்து, ஆங்கிலத்தில் இருந்த ஒரு வரியை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டினார்: "இந்த நாற்பது நாட்களில் அளவையாளர் தம் மனைவியின் மரணப் படுக்கையருகில் இருந்தார்; எனவே இந்நாட்களின் அளவுகள் சேர்க்கப்படவில்லை. அவர் அளந்த மற்ற நாட்களே இந்த ஆய்வுக்கு ஆதாரம்." ஆய்வேட்டில் மரணப் படுக்கையெல்லாம் எதற்கு என்று பேராசிரியை கேட்டும், அக்கா அந்த வரியை எடுக்க மறுத்துவிட்டாராம்.

"இன்னொருக்கா படி சாமி" என்றார் அப்பா. அக்கா படித்தார். அதற்குமேல் அவர்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

பிறகு மலையிறங்கிக் கீழ்நாட்டில் ஒரு வேளாண் கல்லூரியில் அக்கா காலநிலையியல் கற்பித்தார். அங்கேதான் உடன் பணியாற்றிய மாமாவை மணந்தார். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அக்கா கூசியதே இல்லை. பெரியப்பா தம் பேத்தி கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பே, "அன்னிக்கு மழ வருமா கண்ணு?" என்று போன் செய்தார். "இப்பவே சொல்ல முடியாதுங்க பெரியப்பா. பந்தல தகரத்துல போட்டுருங்க" என்றார் அக்கா. அன்று மழை வரவில்லை. தகரப் பந்தலில் வெந்தவர்கள் பலர் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

புற்றுநோய் என்று தெரிந்தபின் இரண்டு ஆண்டுகள் சிகிச்சைக்கு இடையிலும் வகுப்புக்குப் போனார். முடியாமல் போனபோது, "ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்று என்னிடம் கேட்டார். குப்பனூர் வழியாக என் ஜீப்பிலேயே அழைத்து வந்தேன். வளைவுகளில் நான் ஊர்ந்ததைப் பார்த்து, "ஓட்டறயா, தள்ளிட்டுப் போறயா?" என்று கேலி செய்தார். பதினொரு நாள் எங்களோடு இருந்தார். பன்னிரண்டாம் நாள் காலை, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே அடங்கிவிட்டார்.

நீண்ட விடுப்பெடுத்து அருகிலேயே இருந்த மாமாவுக்கும், ரத்தம் கொடுத்த மாணவர்களுக்கும், கடைசி நாட்களில் தினமும் வந்து உடம்பு துடைத்துவிட்ட நர்ஸ் அம்மாவுக்கும், இறுதிச் சடங்கன்று வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்ட லைன் வீட்டுப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

ஒரு வேண்டுகோள். அப்பா நலமாக இருக்கிறார். பார்க்க வருகிறவர்கள் அவர் மனம் நோகுமே என்று அக்காவின் பேச்சை எடுக்காமல் போய்விடுகிறீர்கள். தயவுசெய்து பேசுங்கள். பேசினால் அழத்தான் செய்வார். நீங்கள் பேசாமல் போன நாட்களில், "ஒருத்தராச்சும் அவளப் பத்திக் கேக்கலியே" என்று என்னிடம் சொல்கிறார்.