சீர்வரிசையில் கடைசிப் பொருள்

அக்காவைக் கட்டிக்கொடுத்தபோது அப்பா பீரோ, கட்டில், கிரைண்டர், பைக் எல்லாம் கொடுத்தார். என்னையும் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதனால் நான் சீரோடு லாரியில் ஏறாமல், சில மாதம் கழித்துத் தனியாகப் போய்ச் சேர்ந்தேன்.

மச்சானுக்கு ஊர் வாடிப்பட்டி. அதையும் தாண்டி, நாலுவழிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒதுங்க ஒரு மரம் இல்லாத பொட்டலில் நிற்கும் தனியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் வாத்தியார். கல்யாணப் பேச்சில் புரொஃபசர் என்றார்கள். அம்மா எங்கள் வில்லாபுரம் முழுக்க அதைச் சொல்லி முடித்துவிட்டாள். புரொஃபசர் கோடை லீவில் என்ன செய்வார் என்று மட்டும் நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடிப்பார். வாத்தியார் ஒவ்வொருத்தரும் இத்தனை பேரைச் சேர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் சம்பளம் நிற்கும் என்பது அந்தக் கல்லூரியின் ஏற்பாடு.

பிளஸ் டூ ரிசல்ட் வந்திருந்தது. என் மார்க் ஒரு தினுசானது. திட்டவும் முடியாது, பக்கத்து வீட்டுக்கு மிட்டாய் கொடுக்கவும் முடியாது. கெமிஸ்ட்ரி காலை வாரிவிட்டது. ஆனாலும் எங்கள் கணக்கு வாத்தியார் கட்ஆஃபைப் பார்த்துவிட்டு, கவுன்சிலிங்கில் கடைசி ரவுண்டு வரை பொறுமையாக இருந்தால் ஏதாவது தூரத்து ஊர் அரசுக் கல்லூரியில் சிவில் கிடைக்கலாம் என்றார். கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை. நான்தான் அதற்குள் ஹாஸ்டலுக்கு என்ன கலரில் பக்கெட் வாங்குவது என்பதுவரை போய்விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் மச்சானும் விருந்துக்கு வந்தார்கள். மச்சான் கறிக்குழம்பை மறுசோற்றுக்குக் கேட்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"மாமா, கவுன்சிலிங்கெல்லாம் ஆடி வரைக்கும் இழுக்கும். கிடைச்சாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். இப்பவே டிசி, மார்க் ஷீட் ஒரிஜினலக் குடுத்துட்டா நம்ம காலேஜ்ல மாப்ளைக்குச் சீட்டு உறுதி."

அந்தக் கல்லூரிக்குள் ஒரிஜினல் போனால் வெளியே வராது. பாதியில் கேட்டால் நாலு வருஷ ஃபீஸையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்பார்கள். இதை எனக்குச் சொன்னதே மச்சான்தான், கல்யாணமான புதிதில், சிரிப்பாக. இப்போது அவரும் சிரிக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அப்பா பெயிண்ட் கடைக்காரர். தூரிகை வாங்க வருகிறவனிடம்கூட மல்லுக்கட்டாமல் விட மாட்டார். ஆனால் எதிரே இருந்தது புது மருமகன். பைக் என்ன கலர் வேண்டும் என்று கேட்டதற்கே "உங்க பிரியம்" என்றவர். அப்படிப்பட்டவர் முதன்முதலாக வாய் திறந்து ஒன்று கேட்கிறார். முதல் வருஷத்தில் மருமகன் கேட்டு மாமனார் இல்லை என்று சொல்வது எங்கள் பக்கத்தில் கிடையாது. அப்பா என்னைப் பார்த்தார். பைக்குக்குப் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல இருந்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்று நான் மாடிக்குப் போனேன். பின்னாலேயே அக்கா வந்தாள்.

"பொங்கலுக்கு அப்புறம் அவருக்குச் சம்பளமே போடலடா. நான் சொன்னேன்னு சொல்லிராத. உனக்கு வேணாம்னா வேணாம்னு சொல்லிரு, நான் பேசிக்கிறேன்."

எதைப் பேசிக்கொள்வாள் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"எனக்கென்னக்கா, எங்க போனாலும் நான்தான படிக்கப் போறேன். காலேஜுக்குத்தான் கஷ்டம்" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினாள். அத்தோடு முடிந்தது.

நாங்கள் கொடுத்த பைக்கின் பின்னால் நானே உட்கார்ந்து, கல்யாணத் தாம்பூலப் பையில் ஒரிஜினல்களை வைத்துக்கொண்டு போனேன். ஆபீஸில் அவற்றை வாங்கி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். பதிலுக்குக் கல்லூரிப் பெயர் போட்ட பை ஒன்று கொடுத்தார்கள். பைக்குப் பை சரியாகிவிட்டது.

கவுன்சிலிங்குக்கு ஏற்கெனவே பதிந்திருந்தேன். ரேங்க் வந்ததும் சும்மா இருக்க முடியாமல் கல்லூரி வரிசையையும் கொடுத்து வைத்தேன். கல்யாணமானவன் பெண் போட்டோ பார்ப்பது மாதிரி.

ஆடி பிறந்ததும் வழக்கப்படி அக்காவை அழைத்துவந்தோம். அந்த வாரமே மச்சான் எனக்குப் போன் செய்தார்.

"மாப்ள, நான் ரிலீவ் ஆயிட்டேன். ஆளே சேரலைன்னு மெக்கானிக்கலையே மூடிட்டாங்க. நீ சேந்ததுனாலதான் பழைய பாக்கியாச்சும் கைக்கு வந்துச்சு. ஒன்னைய வேற ஏதோ கோர்ஸ்ல மாத்திவிடுவாங்க, பயப்படாத."

அவர் வேலை தேடிச் சென்னைக்குப் போனார். ஆடி முடிந்தாலும் அக்கா திரும்ப வேண்டியதில்லை என்றானது.

கடைசி ரவுண்டில் எனக்கு இடம் வந்தது. அரசுக் கல்லூரி, சிவில், தூரத்து ஊர். வாத்தியார் சொன்னது சொன்னபடி. சந்தோஷப்படலாமா என்று வீட்டில் யாரையும் கேட்க முடியவில்லை.

அங்கே சேர ஒரிஜினல் வேண்டும். மறுநாள் அப்பாவும் நானும் பஸ் ஏறிப் போய் மச்சான் கல்லூரி ஆபீஸில் நின்றோம். டிசியைக் கேட்டதும், அங்கிருந்தவர் மரியாதையாகவே, நாலு வருஷத்துக்கும் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார். அப்பா பேரம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, "எம் மருமகன் இங்கதாண்ணே வாத்தியாரா இருந்தாரு" என்றார்.

"எந்த டிபார்ட்மெண்ட்டு?"

"மெக்கானிக்கல்."

"அப்படி ஒண்ணு இப்ப இங்க இல்லையேண்ணே."

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா எனக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுத்தார். நல்லது எதுவும் நடக்காத நாட்களில்தான் அவர் அப்படிச் செய்வார்.

கவுன்சிலிங்குக்குப் பதில் சொல்ல அன்று சாயங்காலம் ஐந்து மணியோடு கெடு. செல்போன் திரையில் வரிசையாகக் கேட்டிருந்தது: ஏற்கிறீர்களா, ஏற்றுவிட்டு இன்னும் நல்லதுக்குக் காத்திருக்கிறீர்களா, வேண்டாமென்று வெளியேறுகிறீர்களா. இம்புட்டு மரியாதையாக என்னிடம் யாரும் கேட்டதில்லை. அக்கா மாடியில் துணி எடுக்கப் போனாள். கொடியில் துணியே இல்லை. நான் கடைசியை அமுக்கினேன். நிச்சயமாகத்தானா என்று மறுபடி கேட்டது. அதற்கும் அமுக்கினேன்.

"அமுக்கிட்டியா?" என்றார் அப்பா.

"ம்."

"மருமகன்ட்டச் சொல்லிராத. மனசு கஷ்டப்படும்."

விளக்கு வைக்கிற நேரத்தில் மச்சானே கூப்பிட்டார். வேலை ஒன்றும் அமையவில்லை, நண்பன் அறையில் இருக்கிறார். கொஞ்ச நேரம் அதையும் இதையும் பேசிவிட்டு, "மாப்ள, கவுன்சிலிங்ல எதுவும் வந்துச்சா?" என்றார்.

"எங்க மச்சான், கெமிஸ்ட்ரிதான் கவுத்துருச்சே."

"நான்தான் அப்பவே சொன்னேன்ல. நல்லவேளை முன்னாடியே போட்டோம்" என்றார். ரொம்ப நாளைக்கப்புறம் அவர் குரலில் ஒரு புரொஃபசர் கேட்டார்.