ஒரு போர்வையும் மூன்று கையெழுத்துகளும்

நீலக் கட்டம் போட்ட ஈரோட்டுப் போர்வை அது. நோயாளியைத் தூக்கும்போது கை நழுவாமல் இருக்க நான்கு மூலைகளிலும் முடிச்சுப் போட்டிருக்கும். முடிச்சுகளைப் போட்டவர் சிஸ்டர். டெல்லியில் எங்கள் சுகாதாரத் துறையின் ஆம்புலன்ஸ் ஒன்றில் நர்ஸ், நாகர்கோவில் பக்கத்துக்காரர். நான் அதே துறையின் கட்டுப்பாட்டு அறையில் குமாஸ்தா. போன் எடுப்பேன், போன் ஓய்ந்த நேரத்தில் கோப்புகளுக்குத் தட்டச்சு செய்வேன். அவர் முதன்முதலில் அந்தப் போர்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தபோது, தூங்க வந்திருக்கிறாரா, வேலைக்கு வந்திருக்கிறாரா என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.

டெல்லி எங்கே முடிகிறது, பக்கத்து மாநிலம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு பாலம், ஒரு டீக்கடை, அவ்வளவுதான். ஆனால் எங்கள் வண்டி அந்த டீக்கடையைத் தாண்டக் கூடாது. அவர்கள் வண்டி இந்தப் பக்கம் வரக் கூடாது. தாண்டினால் டீசல் யார் தலையில், இடித்தால் யார் பொறுப்பு? எவரிடமும் பதில் இல்லை. அதனால் அங்கிருந்து டெல்லி ஆஸ்பத்திரிக்கு நோயாளி வந்தால் இரண்டு வண்டிகளும் ரோட்டோரத்தில் முதுகோடு முதுகாக நிற்கும். அவர்கள் ஸ்ட்ரெச்சர் எங்கள் வண்டியில் பொருந்தாது, ஆக்ஸிஜன் குழாயும் பொருந்தாது. குழாயைக் கழற்றி, நோயாளியைப் போர்வையோடு தூக்கி, அந்த வண்டியிலிருந்து இந்த வண்டிக்கு மாற்றி, வேறு குழாயை மாட்ட வேண்டும். மூச்சுக்குத் தவிக்கிற மனுஷனை இப்படி மூட்டை மாதிரி கைமாற்றினோம் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"தலையை நான் பிடிக்கேன். பையா, ஜல்தி! ஒண்ணு, ரெண்டு, மூணு..." டிரைவரை ஹிந்தியில் விரட்டிவிட்டு, குழாயைக் கழற்றியது முதல் மாட்டுவது வரை சிஸ்டர் உரக்கத் தமிழில் எண்ணுவார். இருபதுக்குள் முடிந்தாக வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அவருடைய ஹரியான்வி டிரைவர்கூட இருபதுவரை தமிழில் எண்ணக் கற்றுக்கொண்டு, டீக்கடையில் அதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்வார்.

ஆளையே மாற்றாமல் எல்லை தாண்டி ஓட ஐந்து வண்டிகள் வேண்டும், செலவை டெல்லியும் இரண்டு பக்கத்து மாநிலங்களும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்று திட்டம் போட்டவரும் சிஸ்டர்தான். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். எங்கள் அதிகாரியும் ஒப்புக்கொண்டார். ஒரே பக்கம், அரசுக்கு ஒன்றாக மூன்று கையெழுத்து. "இந்தப் போர்வை கிழியதுக்குள்ள வாங்கிருவியாடே தம்பி?" என்று போகும்போதும் வரும்போதும் கேலி செய்வார். நானும் நாயாய் அலைந்தேன். இரண்டு கையெழுத்து கிடைத்தது. மூன்றாவது அதிகாரியைச் சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் மாளிகையில் மதியச் சாப்பாட்டு வேளையில் பிடித்தேன். அவர் தாளைப் பார்த்தார், ஒரு வரிகூடப் படிக்கவில்லை. "எங்கள் மாநிலத்தின் பெயர் ஏன் கடைசியில் இருக்கிறது? முதலில் போட்டுக் கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன்" என்றார் ஹிந்தியில்.

அங்கேதான் நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். அவருக்கு மட்டும் ஒரு தனித் தாள் அடித்துப் பின்னால் கோத்திருக்கலாம். எனக்கோ கோப்பு சுத்தமாக இருக்க வேண்டும். பதினெட்டு வருஷக் குமாஸ்தா கொழுப்பு! பெயர்களை மாற்றிப் பக்கம் முழுவதையும் புதிதாக அடித்தேன். பழைய தாள் கோப்பில் கிடந்தால் குழப்பம் என்று கிழித்துக் கூடையில் போட்டேன். இரண்டு கையெழுத்துகளும் அதோடு போயின. திரும்பப் போய்க் கேட்டபோது, முதலில் போட்டவர் மாற்றலாகியிருந்தார். புதிதாக வந்தவர் எல்லாவற்றையும் ஆதியிலிருந்து படிக்க வேண்டும் என்றார். "கையெழுத்துப் போட்டதையா கிழிச்ச?" என்று மட்டும் கேட்டார் சிஸ்டர். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அடுத்த மாதம் ஒரு காலை, நான் எடுத்த முதல் போனே அவருடையது. வாடகை குறைவு என்று எல்லைக்கு அப்பால்தான் குடியிருந்தார். ஆஸ்துமா அவருக்கு வெகுநாளாக உண்டு. "தம்பி, மூச்சு முட்டுது. இங்க ஆஸ்பத்திரில படுக்கை இல்லைங்கான். இந்த ஊரு வண்டில ஏத்தியாச்சு. நம்ம வண்டியை டீக்கடைக்கு அனுப்பு. போர்வை என்கிட்டதான் இருக்கு, துவைக்க எடுத்துட்டு வந்தேன்."

அவருடைய டிரைவரையே அனுப்பினேன். எல்லையைத் தாண்டிப் போ என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம், வேறென்ன. டிரைவர் போனை அணைக்காமல் சட்டைப் பைக்குள் போட்டிருந்தார். குழாயைக் கழற்றியதும் அவர் தமிழில் எண்ணத் தொடங்கியது கேட்டது. இரண்டு வண்டியிலும் நர்ஸ் இல்லை. தலையைப் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் போர்வைக்குள் கிடந்தார். பத்தொன்பது, இருபது. அதற்கு மேல் அவருக்குத் தமிழ் தெரியாது, நிறுத்திவிட்டார். இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று நான் அறையில் உட்கார்ந்து எண்ணினேன். எண்பதில் நானும் நிறுத்திவிட்டேன். டிரைவர் விம்முவது மட்டும் கேட்டது. சிஸ்டர் அந்த ரோட்டோரத்திலேயே போய்விட்டார்.

நான் கிழித்த காகிதம்தான் அவரைக் கொன்றது என்று சொன்னால், வண்டி வாங்கவே ஒரு வருஷம் ஆகியிருக்கும் என்று நண்பர்கள் சமாதானம் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனாலும் இருபது வரை எண்ணிவிட்டு அந்த மனுஷன் நிறுத்தினாரே, அதற்கு எனக்கு ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை.

இப்போது அந்த வண்டியில் ஒரு மலையாளிப் பெண் நர்ஸ். போன வாரம் போர்வையைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். நடுவில் நீளமாகக் கிழிந்திருந்தது. சிஸ்டரின் முடிச்சுகள் நான்கும் அப்படியே இருந்தன. "இனி ஆள் எடை தாங்காது சார்" என்றார். திட்டக் கோப்பு இன்னும் முதல் அதிகாரியின் மேசையில்தான் இருக்கிறது. அந்த நாற்காலியில் ஆள் மட்டும் நான்கு முறை மாறிவிட்டார். புதுப் போர்வைகள் இரண்டு வேண்டும் என்று ஒரு தாளில் அடித்து எங்கள் அதிகாரியிடம் நீட்டினேன். அதற்கு ஒரே கையெழுத்துப் போதும். உடனே போட்டுக் கொடுத்துவிட்டார்.