மலை நடுங்கிய இருபது விநாடி

முதல் அறிகுறியை நான் என் உடம்பில் காணவில்லை. சுன்னாகத்தில், பகல் பதினொரு மணிக்கு, யன்னல்கள் எல்லாம் அடைத்த ஓர் அறையில், சுவரில் கட்டிய வெள்ளை வேட்டியின் மேல் கண்டேன். அங்கே ஒரு மலை நடுங்கிக்கொண்டிருந்தது.

வீடு தானியேல் சர்வேயருடையது. அரசாங்கத்துக்காக மலைநாடு முழுவதையும் அளந்து, இளைப்பாறி ஊருக்கு வந்தவர். வந்தவர் சும்மா இருக்கவில்லை. கமரா ஒன்று வாங்கினார். மலை ஏறுவதையும் ஆறு கடப்பதையும் காட்டில் கூடாரம் அடிப்பதையும் படம் பிடித்து, எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூட மண்டபங்களில் காட்டினார். எங்கள் பக்கத்தில் உயரம் என்றால் கிணற்றுக் கட்டும் பனையும்தான். ஆகையால் சனம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது.

நான் இணுவிலைச் சேர்ந்தவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். தானியேல் ஐயா நிலம் அளந்த காலத்தில் அவருக்கு அளவுச் சங்கிலி பிடித்தேன். பிறகு அவருடைய கமராவைச் சுமந்தேன். கடைசியில் அதன் கைப்பிடியைச் சுற்றுகிற வேலையும் எனக்கு வந்தது.

கைப்பிடியை விநாடிக்கு இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். கூடினால் திரையில் ஆட்கள் மெதுவாக நீந்துவார்கள். குறைந்தால் ஓடித் திரிவார்கள். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு சுற்ற முடியாது. நான் ‘நமச்சிவாய’ என்று வாய்க்குள் சொல்வேன். ஒரு நமச்சிவாய, இரண்டு சுற்று, ஒரு விநாடி. ஐயா வேதக்காரர், கிறிஸ்தவர்.

“நான் ஆண்டவருடைய மலையைப் படம் பிடிச்சால், அதுக்குள்ளை உன்ரை சிவன் எல்லோ ஓடுறார்,” என்பார். ஆனால் வேறு விதமாய் எண்ணு என்று ஒருநாளும் சொல்லவில்லை. என் சுற்று பிசகுவதில்லை என்று அவருக்குத் தெரியும்.

மலை நடுங்கிய அந்தப் பிலிம் சுருள் பம்பாய்க்குப் போய்க் கழுவப்பட்டு வர ஒன்றரை மாதம் ஆனது. சிவனொளிபாத மலையை எதிர்ப்பக்கத்துக் குன்றிலிருந்து எடுத்த காட்சி அது. நாற்பது சுற்று, இருபது விநாடி. முன்னால் புல், பின்னால் மலை. மலை விட்டுவிட்டு அதிர்ந்தது.

“முக்காலியைச் சரியா ஊண்டேல்லையோ, கந்தையா?”

“ஊண்டினனான் ஐயா.”

“அப்ப என்ன, காத்தோ?”

“ஓம் ஐயா. காத்து.”

ஐயா மறுபடியும் ஓட்டிப் பார்த்தார். பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“காத்தெண்டால் புல்லு சாய்ஞ்சிருக்கும்,” என்றார். “எத்தினை நாளா இருமுறாய்?”

மூன்று மாதமாக இருமிக்கொண்டிருந்தேன். மலைக் குளிர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனைவி பொன்னம்மா கொத்தமல்லி அவித்துத் தந்தாள்; குடித்தேன். ஐயாவுக்குத் தெரிந்தால் வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்ற பயம். கமராவைச் சுற்றும்போது இருமல் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். நமச்சிவாயவை மனதுக்குள் சொல்வேன். இருமல் வெளியே வரவில்லை. கைவழியாக மலைக்குப் போயிருக்கிறது.

நான் எதற்கும் கவலைப்படுகிறவன். வாசல் படலைக் கதவைக் கொளுவிவிட்டு மூன்று தரம் போய்ப் பார்ப்பேன். அப்படிப்பட்ட நான் இதை மட்டும் போய்ப் பார்க்கவில்லை. இந்த நோய் உள்ள ஒருவர் இதை வாசித்தால் அவருக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: பயந்தவன் எல்லாம் கவனமானவன் அல்ல.

ஆசுப்பத்திரியில் சளியைச் சோதித்தார்கள். காசநோய் (நுரையீரலைக் கிருமி அரிக்கும் நோய், எங்கள் சனம் சயரோகம் என்பார்கள்) என்று டாக்குத்தர் சொன்னார். மெல்லிய உயரமான மனுசன். நோயாளியின் கட்டிலில் இருந்துதான் கதைப்பார்.

“எந்த அளவுக்கு எண்டு எக்ஸ்ரே (உடம்பின் உள்ளே உள்ளதை நிழலாகக் காட்டும் படம்) பார்த்துத்தான் சொல்லுவன். அதுவரைக்கும் எழும்பப்படாது. விளங்கிச்சோ?”

படம் எடுத்த நாள் பின்னேரம் அதை யன்னல் ஓரமாகக் காய வைத்திருந்தார்கள். எழும்பக் கூடாத நான் எழும்பிப் போய்ப் பார்த்தேன். பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே பழகிய கண். வேறு எவனும் அதைப் பார்த்து ஒன்றும் விளங்காமல் திரும்பியிருப்பான். எனக்கு விளங்கியது. அதுதான் பிழை.

கமராப் பிலிமில் வெளிச்சம் அளவுக்கு மிஞ்சிப் பட்ட இடம் கறுத்துப் போகும். அந்த இடத்தில் படம் இராது. கெட்டுப்போனது என்று வெட்டி எறிய வேண்டியதுதான். என் நெஞ்சின் படத்தில் இரண்டு பக்கமும் பெரிய கறுப்பு. வலது பக்கம், தோள்பட்டை எலும்புக்குக் கீழே மட்டும் உள்ளங்கை அளவில் வெள்ளைப் புகை போல ஒன்று. எனக்கு மிஞ்சியிருக்கிற நல்ல நுரையீரல் அவ்வளவுதான் என்று முடிவு கட்டினேன்.

டாக்குத்தர் அந்த நேரம் பார்த்து வெளியூர் போயிருந்தார். மூன்று நாள் உள்ளங்கை அளவு நுரையீரலோடு படுத்திருந்தேன். பெரிதாக மூச்சு விடப் பயந்தேன்; இருக்கிறதும் போய்விடும் என்று. மூன்றாம் நாள் பொன்னம்மா வந்தாள். பசு மாட்டை அவள் தமையன் வீட்டில் விடச் சொன்னேன். என் சால்வையை யாருக்குக் கொடுப்பது என்றும் சொன்னேன்.

“இஞ்சாருங்கோ, இதை டாக்குத்தர் சொன்னவரோ?”

“இல்லை. நான் பார்த்தனான்.”

“நீங்கள் எப்ப டாக்குத்தருக்குப் படிச்சனீங்கள்?”

“பிலிம் எனக்குத் தெரியும், பொன்னம்மா.”

“மலையின்ரை பிலிம் தெரியும். நெஞ்சின்ரை பிலிம் தெரியுமோ?” என்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. “மாடு எங்கையும் போகாது. அவர் வரட்டும், நான் கேக்கிறன்.”

அடுத்த நாள் டாக்குத்தர் வந்தார். அவள் கேட்டாள். அவர் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நான் என் கணக்கைச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

“உம்மடை தொழில் உம்மைக் கொல்லப் பார்த்திருக்கு. கறுப்பெல்லாம் காத்து. காத்து இருந்தால் நுரையீரல் நல்லாயிருக்கு எண்டு அர்த்தம். உந்த வெள்ளைதான் வருத்தம், உம்மடை நோய்.”

கட்டிலில் இருந்தபடியே ஒரு முழு மூச்சு விட்டேன். உடனே இருமல் வந்தது. அது நின்றதும் இன்னொன்று விட்டேன்.

வெள்ளை சின்னதாக இருந்தாலும் அதற்குள் ஒரு பொந்து இருந்தது. நியூமோதொராக்ஸ் (விலா எலும்புகளுக்கு இடையே ஊசி இறக்கி, நுரையீரலுக்கு வெளியே காற்றை அடைத்து, அதைச் சுருங்க வைக்கும் சிகிச்சை) செய்தார்கள். வேலை செய்யாமல் கிடந்தால் நுரையீரல் தானே ஆறுமாம். ஊசி இறங்கும்போது குத்து பெரிதாக இல்லை. பிறகு காற்று ஏறும். தோளுக்குள் யாரோ ஒருவன் இடம் கேட்டு நெருக்குவது போல இருக்கும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அந்தக் காற்றை நிரப்ப வேண்டும். ஊசி இறங்கி வெளியே வரும்வரை தொண்ணூறு நமச்சிவாய ஆகும்.

மற்ற நேரம் எல்லாம் படுக்கை. விறாந்தையில் வரிசையாகக் கட்டில்கள், கடற்காற்று, முட்டை, பால். என் கோப்பை வேறு, என் தட்டு வேறு. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஒருநாள் காலையில் சால்வையால் முகம் மூடப்பட்டுக் கிடந்தார். பிறகு அந்தக் கட்டிலைக் கழுவி வெயிலில் வைத்தார்கள். அன்று முழுவதும் என் கைநாடியைப் பிடித்தபடி கிடந்தேன்.

ஐயா மாதம் ஒருமுறை வந்தார். கட்டிலுக்கு அருகே வராமல் நிற்கச் சொல்வார்கள். அவர் சுண்ணாம்புத் தூணோடு சாய்ந்து நின்று கதைப்பார். படத்துக்குக் கடைசிக் காட்சி மட்டும் மிச்சம்: உச்சியில் நின்று சூரியன் எழும்புவதைப் பிடிக்க வேண்டும்.

“மலை எங்கையும் ஓடாது. நீ எழும்பி வா,” என்றார்.

நான் எழும்பியது அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டுதான். முட்டையை வெறுப்போடு விழுங்கும்போதும், ஊசிக்குச் சட்டையைக் கழற்றும்போதும், அந்தக் கடைசிக் காட்சியின் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதினொரு மாதம் கழித்து வீட்டுக்குப் போகலாம் என்று டாக்குத்தர் சொன்னார். கிருமி இல்லை. காற்று நிரப்ப மட்டும் வந்து போக வேண்டும்.

“மலை ஏறலாமோ, டாக்குத்தர்?”

அவர் கட்டிலில் இருந்தார். “உமக்கு எந்த ஊர்?”

“இணுவில்.”

“இணுவிலிலை இருந்து மருதனார்மடச் சந்திக்கு நடவும். இளைச்சால் நிண்டு நடவும். இனி உமக்கு அதுதான் மலை.”

“எப்ப வரைக்கும்?”

“நான் உமக்குப் பொய் சொல்ல மாட்டன், கந்தையா. எப்பவும்தான்,” என்றார்.

ஐயாவிடம் நானே போய்ச் சொன்னேன். இந்த முறை காற்று என்று சொல்லவில்லை. அவர் நெடுநேரம் முக்காலியின் திருகாணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் வேறு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போனார். போகச் சொன்னது நான்தான். மூன்று நாள் அவனுக்குச் சுற்றப் பழக்கினேன். அவனும் வேதக்காரன். அவன் வேறு ஏதோ சொல்லி எண்ணினான். என்னவென்று நான் கேட்கவில்லை.

படத்தை மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில் காட்டினார்கள். நடந்து போனேன். இரண்டு இடத்தில் நின்றேன். பின்னால், கதவோரம் பொன்னம்மாவோடு இருந்தேன். நடுங்கிய துண்டை ஐயா எப்போதோ வெட்டி எறிந்திருப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் வெட்டவில்லை. முன்னால் புல், பின்னால் மலை. மலை விட்டுவிட்டு அதிர்ந்தது.

“அங்கை பாரும், மலைக்கும் குளிருது போலை,” என்று முன்வரிசையில் ஒருவர் சொல்ல, சனம் சிரித்தது. பொன்னம்மா சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

திரையில் ஓடியது போன வருசத்து என் நெஞ்சு. நான் தெரியாதது போல் இருந்த நாட்களில் அதற்கு என்ன நடந்தது என்பதை இப்போது இருந்து பார்த்தேன். சால்வைக்குள் வலது கை தானாகச் சுற்றத் தொடங்கியது. நிறுத்தவில்லை. இருபது நமச்சிவாய, நாற்பது சுற்று, சரியாக முடிந்தது. பிறகு சூரியன் எழும்பியது, அந்தப் புது ஆளின் கையில், ஆடாமல் அசையாமல்.

அன்று அந்தக் குன்றில் நின்ற இருபது விநாடியும் நான் மூச்சு விடவில்லை. மண்டபத்தில் அதே இருபது விநாடிக்குள் எட்டுத் தரம் விட்டேன்.